விவாதம்: வீடியோ கேம் தரும் துயரம் சினிமாவிடம் கடன் வாங்கியதா?

கடலோரன்:
கதை சொல்லும் வலிமையில் வீடியோ கேம்கள் சினிமாவை எட்டிவிட்டன என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் 2013இல் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் தொடக்கத்தையே சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தக் காட்சி என்னையும் உலுக்கியது. ஆனால் சாரா என்ற சிறுமியாக இருட்டு வீட்டில் அறை அறையாக நடந்து, பிறகு காலில் அடிபட்ட அவளைத் தந்தை ஜோயலாகத் தூக்கிக்கொண்டு ஓடி முடித்ததும், படைவீரன் சுட்டு அவள் சாகும் கணத்தில் நம் கைக்கு அங்கே வேலையே இல்லை. நடிப்பும் கேமரா கோணமும் இசையும்தான் நம்மை அழவைக்கின்றன. மூன்றும் சினிமாவின் சொத்து. விளையாடுபவரின் தேர்வுகளை நம்பியிருக்கும் வடிவம், படைப்பாளியின் கட்டுப்பாட்டைக் கோரும் இலக்கியத்துக்கும் திரைப்படத்துக்கும் நேர் எதிரானது என்று அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2005இலேயே வாதிட்டார். அதில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன்.

முல்லை:
நண்பர் கடலோரன் எடுத்துக்கொண்ட உதாரணம் அவருடைய வாதத்துக்கு வசதியானது. அதே 2013இல் ஜோசஃப் ஃபாரெஸ் இயக்கிய 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' விளையாட்டை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நோயுற்ற தந்தைக்காக உயிர் மரத்தின் நீரைத் தேடிச் செல்லும் இரண்டு சகோதரர்களின் கதை அது. விளையாடுபவர் இரு கைகளிலும் பிடித்து இயக்கும் கன்ட்ரோலரின் இடப்பக்க ஸ்டிக்கும் விசையும் அண்ணனை இயக்க, வலப்பக்கத்தில் உள்ளவை தம்பியை இயக்க. அவர்கள் பேசுவது கற்பனை மொழி என்பதால் வசனத்தின் துணையும் கதைக்குக் கிடையாது. தாய் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ட தம்பி தண்ணீருக்கு அஞ்சுகிறான். நீரைக் கடக்கும்போதெல்லாம் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொள்கிறான். சில மணி நேரத்தில் இந்த ஏற்பாடு நம் விரல்களுக்குப் பழகிப்போகிறது.

பிறகு அண்ணன் இறந்துவிடுகிறான். அவன் உடலைக் குழிக்கு இழுத்துச் செல்வதும் மண்ணைத் தள்ளி மூடுவதும் நாம்தான். இடது கைக்கு இனி வேலையில்லை என்பதை அப்போதே உணரத் தொடங்குகிறோம். வீடு திரும்பும் வழியில் வெள்ளம் குறுக்கிடுகிறது. தம்பியின் விசையை எவ்வளவு அழுத்தினாலும் அவன் நீரில் இறங்க மறுக்கிறான். அதுவரை செயலற்றுக் கிடந்த அண்ணனின் விசையை அழுத்தும்போதுதான் அவன் நீந்தத் தொடங்குகிறான். இறந்தவனின் துணிவு உயிரோடிருப்பவனிடம் வந்து சேர்ந்துவிட்டது என்பதைச் சொல்ல அங்கே ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. இதை எந்தத் திரைப்படத்திடம் கடன் வாங்கினார்கள் என்று நண்பர் சொல்ல வேண்டும். ஃபாரெஸ் திரைப்படத் துறையிலிருந்து வந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். சினிமா அறிந்தவரே சினிமாவால் இயலாததைத் தேடிப் போயிருக்கிறார்.

கடலோரன்:
அந்தக் காட்சியின் நேர்த்தியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒருமுறை மட்டுமே பலிக்கக்கூடிய உத்தி. அதைக் கொண்டு ஒரு கலை வடிவத்தின் இலக்கணத்தை எழுத முடியாது. கையின் ஈடுபாட்டை நம்பிய மற்ற முயற்சிகள் பலவும் வற்புறுத்தலில் முடிந்திருக்கின்றன. 2012இல் வெளியான 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' விளையாட்டில் வெள்ளை பாஸ்பரஸ் குண்டுகளை வீசினால்தான் கதை நகரும். வீசிய பிறகு, எரிந்து கிடக்கும் பொதுமக்களுக்கு நடுவே நம்மை நடக்கவிட்டு, இது உன் குற்றம் என்கிறார்கள். வேறு வழியே தராமல் செய்யவைத்த செயலுக்கு நான் ஏன் குற்றவுணர்வு கொள்ள வேண்டும்? அது விளையாடுபவரிடம் நேர்மையாக நடந்துகொள்வதாகாது.

தணிகை:
வேறு வழி இல்லாத நிலையே உண்மையாகவும் இருக்கலாம் அல்லவா? 2016இல் வந்த 'தட் டிராகன், கேன்சர்' விளையாட்டைத் தங்கள் மகனின் புற்றுநோயைப் பற்றி அவனுடைய பெற்றோரே உருவாக்கினார்கள். அவன் 2014இல், ஐந்து வயதில் இறந்தான். அதில் மருத்துவமனை அறையில் ஓர் இரவு வருகிறது. குழந்தை அழுகிறது, தந்தை தூக்கி ஆட்டுகிறார், பழச்சாறு கொடுக்கிறார், அதையும் வாந்தியெடுக்கிறது. நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அழுகை நிற்பதில்லை. ஒன்றைச் செய்தால் பலன் கிடைக்கும் என்பது வீடியோ கேம் நமக்குப் பழக்கிய நம்பிக்கை. அந்த நம்பிக்கை உடையும்போதுதான் அந்தத் தந்தையின் இயலாமை நம்முடையதாகிறது.

கடலோரன்:
தணிகை குறிப்பிட்ட விளையாட்டே என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஏராளமானோர் அதை யூடியூபில் முழுவதுமாகப் பார்த்ததால் தங்கள் விற்பனை பாதிக்கப்பட்டது என்று அதை உருவாக்கியவர்களே 2016இல் எழுதினார்கள். கன்ட்ரோலரைத் தொடாத அந்தப் பார்வையாளர்களும் கலங்கத்தான் செய்தார்கள். அப்படியானால் கையின் பங்கு என்ன?

முல்லை:
அந்த விளையாட்டைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி நியாயமானது. அதன் பெரும்பகுதி குரல்களாலும் காட்சிகளாலும் ஆனது. ஆனால் 'பிரதர்ஸ்' விளையாட்டின் வெள்ளக் காட்சியை யூடியூபில் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? ஒரு சிறுவன் தயங்குகிறான், பிறகு நீந்துகிறான், அவ்வளவுதான். எந்த விசை அழுத்தப்பட்டது என்பது திரையில் தெரிவதில்லை. அந்தக் காட்சியின் பொருள் முழுவதும் விளையாடுபவரின் இடது கை விரலில் இருக்கிறது.