செபிலோக் கரடிக் காப்பகத்துக்குத் தன்னார்வலராகப் போகலாமா?

கிள்ளான்_கதிர்:
வணக்கம். டிசம்பரில் செமஸ்டர் விடுமுறை. நம் மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டாக்கான் பக்கம் செபிலோக்கில் இருக்கும் சூரியக் கரடிக் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேர ஆசை. ஆனால் நாம்தான் பணம் கட்ட வேண்டுமாம். "வேலையும் செஞ்சு காசும் குடுக்கணுமா?" என்று அப்பா சிரிக்கிறார். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். குட்டிகளைத் தூக்க விடுவார்களா?

ஈப்போ_அக்கா:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விடமாட்டார்கள். தூக்கவும் முடியாது, தடவவும் முடியாது, கம்பிக்குள் விரலை நீட்டினாலே திட்டு விழும். நான் போனதற்கே அதுதான் காரணம். கரடிக் குட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க வைக்கும் இடம் எதுவானாலும் அது காப்பகம் இல்லை, கடை.

அங்கே வரும் கரடிகளில் பலவும் குட்டியாக இருக்கும்போது தாயைக் கொன்றுவிட்டுப் பிடிக்கப்பட்டவை. சின்னதாக இருக்கும்வரை வீட்டில் செல்லம், பெரிதானதும் இரும்புக் கூண்டு. உலகிலேயே சிறிய கரடி இனம்தான், ஆனால் மரத்தைக் கிழித்துத் தேன் எடுக்கிற நகம் அதற்கு. சிமெண்டுத் தரையிலேயே வளர்ந்த சில கரடிகள், காட்டுப் பக்கம் கதவைத் திறந்துவிட்டாலும் வெளியே வராதாம். மண்ணில் கால் வைக்கவே பயம். அப்படிப்பட்டதுக்கு மறுபடி கரையான் தோண்டவும் மரம் ஏறவும் பழக்குகிறார்கள். நீ கொஞ்சினால் அது மனிதனிடம்தான் ஒட்டும். பிறகு காட்டில் எப்படிப் பிழைக்கும்?

உன் வேலை என்னவென்றால், காலையில் கூண்டு கழுவுவது. கரடிச் சாணி வாடை இரண்டு நாளில் பழகிவிடும், ரப்பர் பூட்ஸுக்குள் ஊறும் வியர்வைதான் பழகாது. அப்புறம் சமையல்கட்டு. கரடிக்குக் கஞ்சி, பழம், காய்கறி. பப்பாளி வெட்டி வெட்டி எனக்கு அந்தப் பழத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. பிற்பகலில் எனக்குப் பிடித்த வேலை. மூங்கில் குழாய்க்குள் தேன் தடவுவோம், பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னி ஊஞ்சல் செய்வோம். சும்மா கிடந்தால் கரடி ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருக்கும். உணவைத் தேடி எடுக்க வைத்தால் அந்த நடை குறையும்.

பணம் பற்றி அப்பாவிடம் இப்படிச் சொல்: உன் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் கரடிக்குப் போகிறது. வொங் சியூ டே என்ற காட்டுயிர் ஆய்வாளர் 2008-ல் தொடங்கிய இடம், 2014-லிருந்துதான் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். நுழைவுச்சீட்டை மட்டும் நம்பி இத்தனை கரடிகளுக்குச் சோறு போட முடியுமா?

மழைக்காகம்:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. நான் வேறொரு நாட்டில் கட்டணம் கட்டிப் போன ஒரு மையத்தில் குரங்குக் குட்டிகளை விருந்தாளிகள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு கேட்டால் பேச்சு மாறும். கதிர், பணம் அனுப்பும் முன் இரண்டு கேள்வி மின்னஞ்சலில் கேள்: விலங்குகள் எங்கிருந்து வந்தன? எத்தனை திரும்பக் காட்டுக்குப் போயின? அதுக்கே மழுப்பினால் விட்டுவிடு.

கிள்ளான்_கதிர்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. டிசம்பர் சரிதானா?

ஈப்போ_அக்கா:
அந்தப் பக்கம் டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழை. கொட்டும். துணி காயாது, அட்டை ஏறும். அட்டைக்கென்றே தைத்த நீளக் காலுறை வாங்கிக்கொள், பேண்டை அதற்குள் செருகு. இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காதே. பக்கத்திலேயே 1964-லிருந்து ஓராங் ஊத்தான் மையம் நடக்கிறது. நம் சளி அதுகளுக்கு அப்படியே ஒட்டும். முடிந்தால் விடுமுறையை ஏப்ரல் பக்கம் தள்ளு.

கிள்ளான்_கதிர்:
ஏப்ரலில் பரீட்சை. மழையிலேயே போகிறேன்.