புதுப்பிப்பு: தங்கச்சி தன்னையே காயப்படுத்திக்கிறா, இதுவும் குடிப்பழக்கம் மாதிரி விட முடியாத அடிமைத்தனமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல

கடலூர்லேர்ந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு கூட்டிட்டு போனோம். அதிகாரப்பூர்வமா இது அடிக்‌ஷன் லிஸ்ட்ல இல்லயாம், ஆனா தாங்க முடியாத மனசு வலி அந்த நேரத்துக்கு சட்டுனு கொறையறதால மூளை அதையே பழகிக்கிட்டு அடுத்த தடவையும் அதையே கேக்குது, அதான் நெனச்சாலும் விட முடியல. கவனத்துக்காக பண்றான்னு சொல்லிட்டிருந்த பெரியம்மா இப்ப கப்சிப். டிபிடின்னு (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) பேசி, பழகி உணர்ச்சிய சமாளிக்க கத்துக்குடுக்குற ஒரு தெரபி, அமெரிக்காவுல மார்ஷா லினஹன் உருவாக்குனது, இங்க ஒரு மேடம்கிட்ட வாராவாரம் போறா, அந்த உந்துதல் வந்தா அது ஏறி தானா எறங்குற வரைக்கும் தள்ளிப்போட சொல்லித்தராங்க, மூஞ்சில ஜில்லு தண்ணி, யாருக்காச்சும் போன், இப்படி. மாத்திர டிப்ரஷனுக்குத்தான், இதுக்குன்னு தனியா கெடையாது. நடுவுல திரும்ப நடந்துச்சு, திட்டாதீங்கன்னாங்க, திட்டல. ராத்திரில அவசரம்னா டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் லைன் 14416, தமிழ்லயே பேசலாம்.