55 வயதில் எஃப்.ஐ. (காபரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெற்றோல் தெளிக்கும்) பைக் வேலை பழக மட்டக்களப்புப் பக்கம் இடம் இருக்கிறதா?

பழைய சி90 (களுவாஞ்சிக்குடி):

எல்லோருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு மோட்டார் சைக்கிள் கராச் வைத்திருக்கிறேன். பதினைந்து வயதில் மட்டக்களப்பு டவுனில் ஒரு பாஸிடம் கையாளாகச் சேர்ந்தவன். ஹொண்டா சி50, சி90, சிடி125 எல்லாம் கழற்றிப் பூட்டித்தான் தொழில் பழகினேன். பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் பொயின்ட்ஸ் போய், அதற்குப் பதிலாக சிடிஐ என்ற எலக்ட்ரோனிக் பெட்டி வந்த நேரம் நான் தடுமாறிப்போனேன். பாஸ் பக்கத்தில் நின்று, "இதுக்குள்ள கை வைக்க ஒண்டும் இல்ல மனே, வாற கரண்டையும் போற கரண்டையும் மட்டும் பார்" என்றார். இரண்டு நாளில் பிடிபட்டது.

இப்போது எஃப்.ஐ. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு அங்கே செய்யும் பெரும்பாலான பைக்குகளில் காபரேட்டர் இல்லாமல் போய்விட்டது. இங்கே அதே வருடம் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அதனால் ஐந்து வருடம் பெரும்பாலும் பழைய பைக்குகளோடேயே காலம் ஓடியது. 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று புது பைக்காவது என் வாசலுக்கு வருகிறது.

போன மாதம் மண்டூர்ப் பக்கம் பால் எடுக்கும் ஒரு தம்பி, குருமண்வெளித் துறையில் பாதையால் (வாவியைக் கடக்கும் மிதவையால்) இறங்கியதும் பைக் நின்றுவிட்டது என்று தள்ளிக்கொண்டே வந்தார். பின்னால் இரண்டு கேன் பால். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நெருப்பு நன்றாக அடித்தது. தாங்கியில் பெற்றோல் இருந்தது. மீட்டரில் மஞ்சள் லைட் எரிந்துகொண்டே இருந்தது. காபரேட்டர் என்றால் ஜெட்டை ஊதி, ஏர் ஸ்குரூவை மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து, சத்தத்தைக் கேட்டே சரி செய்திருப்பேன். இதில் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பட்டா லொறியில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினோம். பால் திரிந்துவிட்டது. அந்தத் தம்பியின் அப்பாவுக்கும் நான்தான் பைக் செய்து கொடுத்தவன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போன் எடுத்தேன். முதலில் வயது கேட்டார்கள், பிறகு ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) முடிவு கேட்டார்கள். என்னிடம் ஓஎல் இல்லை. அந்தக் காலத்து நாட்டு நிலைமையில் படிப்பு இடையிலேயே நின்றுவிட்டது. வேறொரு இடத்தில் ஆறு மாதம், திங்கள் முதல் வெள்ளி வரை முழுநாள் வரச் சொன்னார்கள். ஆறு மாதம் கராச்சைப் பூட்டினால் வீட்டில் உலை வைக்க முடியாது. கையாளாக நின்ற பொடியனும் கட்டாருக்குப் போய்விட்டான்.

யூடியூப்பில் தமிழ்நாட்டுக்காரர்களின் வீடியோக்கள் பார்க்கிறேன். பார்க்கும்போது விளங்குகிறது. பைக்குக்குப் பக்கத்தில் போனால் எந்த வயர் எது என்று தெரியவில்லை.

பின்நேரம் அல்லது சனி ஞாயிறு, தமிழில், கையால் தொட்டுப் பழகக்கூடிய இடம் மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் யாருக்காவது தெரியுமா? பைக்கின் பிழையை வாசித்துக் காட்டும் ஸ்கேனர் வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும் என்று ஒருவர் சொல்கிறார். சல்லி சேர்த்து வாங்கலாமா?

பயிற்றுநர்_சம்மாந்துறை:

அண்ணா, வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்களிடம் முதலில் வயதையும் ஓஎல்லையும் கேட்டது எனக்கே கவலையாக இருக்கிறது. ஓஎல் இல்லாதவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள், ஆங்கிலச் சுருக்கம் ஆர்.பி.எல். வகுப்புக்கு வராமல், தொழிலில் பழகியதை மதிப்பீட்டாளர்கள் முன்னால் செய்து காட்டி என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். என்.வி.கியூ.வில் ஏழு மட்டங்கள் உண்டு. உங்களைப்போல் தனியாகக் கராச் நடத்துகிறவர் மூன்றாம் அல்லது நான்காம் மட்டத்துக்குப் பார்க்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ நைட்டாவிலோ (தொழில் பழகுநர் பயிற்சி அதிகாரசபை) "ஆர்.பி.எல். விண்ணப்பம்" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். "கோர்ஸ்" என்று கேட்டால் முழுநேர வகுப்பைத்தான் காட்டுவார்கள். செய்த வேலைகளின் படங்கள், பில் புத்தகம், வாடிக்கையாளர் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆர்.பி.எல். உங்களுக்குத் தெரிந்ததற்குத்தான் சான்றிதழ் தரும். தெரியாத எஃப்.ஐ.யைப் பழக்கித் தராது. அதற்குப் பின்நேர வகுப்பு வேண்டும், அது எங்கள் பக்கத்தில் போதாது. நான் மேலே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பத்துப் பேர் பெயர் கொடுத்தால் என் கோரிக்கைக்குப் பலம் கூடும். தயவுசெய்து உங்கள் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

அக்கரைப்பற்று கராச்:

ஸலாம் அண்ணன். எனக்கு 48. இரண்டு வருடத்துக்கு முன் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். ஸ்கேனரை இப்போது வாங்காதீர்கள். முதலில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள்.

உங்கள் காது இதிலும் வேலை செய்யும். சாவியைத் திறந்ததும் தாங்கிக்குள் பம்ப் இரண்டு மூன்று செக்கன் "ஸ்ஸ்" என்று ஓடி நிற்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். சத்தம் இருந்தால் இன்ஜெக்டர் பக்கம் போங்கள். கனெக்டரைக் கழற்றி, இன்ஜெக்டரின் இரண்டு பின்னிலும் ஓம்ஸ் பாருங்கள். அநேகமானவற்றில் 12க்குக் கிட்டக் காட்டும். பற்றரியை மறக்க வேண்டாம். காபரேட்டர் பைக்கைப் பற்றரி செத்தாலும் உதைத்து எடுத்தோம். இதில் பற்றரி நன்றாக இறங்கினால் அநேகமாகப் பம்பும் ஓடாது, மூளைப் பெட்டியும் முழிக்காது.

மஞ்சள் லைட் சும்மா எரிவதில்லை, அது பேசுகிறது. ஹொண்டாவில் ஒரு நீளச் சிமிட்டல் பத்து, ஒரு குறுஞ்சிமிட்டல் ஒன்று. ஒரு நீளமும் இரண்டு குறுக்கமும் வந்தால் 12, அது இன்ஜெக்டர் சுற்று. ஏழு குறுக்கம் என்றால் என்ஜின் சூடு பார்க்கும் சென்சர். மற்றக் கம்பனிகளுக்கு வேறு கணக்கு. மாடலுக்கு ஒரு பக்கமாகக் கொப்பியில் எழுதி வையுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

நம்முடைய பக்கம் கடற்காற்று, மாரியில் வெள்ளம். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் சென்சர் பழுதே இல்லை, கனெக்டருக்குள் பச்சை பிடித்ததுதான். சாமானை மாற்ற முதல் பின்னைத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். தெரியாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சென்சர் மாற்ற வைத்து ஒரு ஏழையின் சல்லியைக் கரைத்தேன் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை வாருங்கள். என்னிடம் பழைய எஃப்.ஐ. என்ஜின் ஒன்று மேசையில் இருக்கிறது. கழற்றிப் பூட்டலாம். சாப்பாடு நம்முடைய வீட்டில்தான்.

ஆரையம்பதி மகள்:

மாமா, என் அப்பாவும் மெக்கானிக்தான், 61 வயது. அவருக்கு ஆங்கில மெனுவல் வாசிக்க வராது. நான் வயரிங் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் அதே நிறத்தில் கோடு போட்டு, தமிழில் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுத்தேன். போனில் பார்த்தபோது வராத விளக்கம் சுவரில் பார்த்தபோது வந்தது. 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த நேரமும் அப்படித்தான். பெற்றோல் செட்டில் லைனில் நின்ற பக்கத்து ஆள் ஒருமுறை காட்டித் தந்தார், அதற்குப் பிறகு அப்பாதான் எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார். எந்த மாடல் என்று சொல்லுங்கள், உங்களுக்கும் ஒரு படம் செய்து அனுப்புகிறேன்.

பழைய சி90 (களுவாஞ்சிக்குடி):

மூன்று பேருக்கும் மனதார நன்றி. டீச்சர், பெயரை அனுப்பிவிட்டேன். செட்டிபாளையத்திலும் கல்லாற்றிலும் என் வயது ஆட்கள் நாலு பேரிடம் சொன்னேன், அவர்களும் தருகிறார்கள்.

நேற்று ஒரு ஸ்கூட்டி வந்தது, ஸ்டார்ட் வரவில்லை. சாவியைத் திறந்து காதை சீட்டுக்குக் கிட்ட வைத்தேன். சத்தமே இல்லை. ஃபியூஸ் சரி. பம்ப் கனெக்டரைக் கழற்றினால் அக்கரைப்பற்றுத் தம்பி சொன்ன அதே பச்சை. துடைத்துப் போட்டேன், "ஸ்ஸ்" என்றது. பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றிப் போகும் அம்மா ஒருவருடைய வண்டி அது. கூலி வாங்க மனம் வரவில்லை.

மகள், பால்காரத் தம்பியின் மாடல் நம்பரைக் கேட்டு இரவைக்குப் போடுகிறேன். தம்பி, வாற சனி காலை முதல் பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்கு வருகிறேன். பழைய சி90 காபரேட்டர் வேலை ஏதும் கிடந்தால் எடுத்து வையுங்கள், ஜெட் பெட்டியும் கொண்டு வாறன்.