புதுப்பிப்பு: நாயும் பூனையும் தீவுக்கு வந்தாச்சு

வெப்பமண்டலத் தீவுக்குக் குடிபோகிறோம், நாயையும் பூனையையும் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தேன். நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) முதலில், ரேபிஸ் தடுப்பூசி அப்புறம் என்று சொன்னவர்களுக்கு நன்றி. இங்கே அந்த வரிசையைத்தான் முதலில் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனையில் ரேபிஸுக்கான எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும், இருந்தது.

பக் நாய் என்பதால் சரக்குப் பகுதியில் ஏற்ற ஒரு விமான நிறுவனம் மறுத்துவிட்டது. சப்பை மூக்கு நாய்க்கு வெயிலில் மூச்சிரைக்கும், கோபப்பட முடியவில்லை.

இப்போதைய தலைவலி கொசுவும் உண்ணியும். கொசு வழியாக இதயப்புழு தொற்றுமாம். குளிர்காலமே இல்லாததால் வருடம் முழுக்க மாதாந்திர மாத்திரை. உண்ணிக்கு நாய் கழுத்தில் விடும் சொட்டு மருந்தின் அட்டையைப் படியுங்கள். பெர்மெத்ரின் என்றிருந்தால், பூனை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். பூனைக்கு அது விஷம்.