பிட்ஸ்பர்கில் பழைய பேஸ்பால் ஜாம்பவான்களை எங்கே சந்தித்தீர்கள்?

மஞ்சள்பாலம்:

பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிற நம் ஆட்கள் தரிசனம் முடித்து, புளியோதரை சாப்பிட்டு, நேரம் மிச்சமிருந்தால் ஆற்றங்கரையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். படத்தில் பின்னால் தெரிகிற மஞ்சள் பாலத்துக்கு ராபர்ட்டோ கிளெமெண்டேயின் பெயர் என்று சொன்னால், "யார் அவர், மேயரா?" என்று கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கையெழுத்து வாங்கிய கதைகள் வேண்டாம். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இந்த ஊரின் எந்த மூலையில் உங்களுக்கு எதிர்ப்பட்டார்கள் என்று எழுதுங்கள். என் பங்கை முதலில் வைத்துவிடுகிறேன்.

ஆட்டம் உள்ள நாட்களில் அந்தப் பாலத்தில் வண்டிகளை அனுமதிப்பதில்லை. ஆற்றைக் கடந்து நடந்தே பிஎன்சி பார்க் பேஸ்பால் மைதானத்துக்குப் போகலாம். பாலம் முடிகிற இடத்தில் கிளெமெண்டேயின் சிலை நிற்கிறது: பந்தை அடித்துவிட்டு, மட்டையை நழுவவிட்டு, ஓடப் புறப்படுகிற நிலை. ஒரு மாலை, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே நின்றிருந்தது. பாட்டி பீடத்தைத் தொட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். தாத்தா என் பக்கம் திரும்பி, நான் எதுவும் கேட்காமலேயே, "அட்டைகளில் இவரை பாப் என்று அச்சடித்தார்கள்" என்றார். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கோபம் அவருக்கு ஆறவில்லை.

கிளெமெண்டே பிறந்தது 1934இல், போர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில். 1955 முதல் 1972 வரை இந்த ஊரின் பைரேட்ஸ் அணிக்கு மட்டுமே ஆடினார். அமெரிக்கர்களின் வாய்க்கு வசதியாக, ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகள் அவரை 'பாப் கிளெமெண்டே' ஆக்கிவிட்டன. பத்திரிகைக்காரர்கள் அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்புப் பிழையோடு அப்படியே அச்சடித்துக் கேலி செய்தார்கள். 1971 உலகத் தொடரில் (பருவத்தின் இறுதிப் போட்டி) 7 ஆட்டங்களிலும் ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக ஓடி எட்டுவது) அடித்து, .414 சராசரியுடன் (ஆயிரம் வாய்ப்புக்கு 414 ஹிட் என்ற விகிதம்) தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். வென்ற கையோடு நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியில் ஒலிவாங்கி அவர் முன் வந்தது. அவர் முதலில் ஸ்பானிய மொழியில் தன் பெற்றோரிடம் ஆசீர்வாதம் கேட்டார். கேலி செய்தவர்களுக்கு அதைவிடப் பதில் வேறென்ன வேண்டும்?

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மாடத்தில் அவருக்கு வைத்த பட்டயத்திலும் பெயர் தப்பாகத்தான் இருந்தது. அவர்கள் வழக்கப்படி தந்தை வழிப் பெயர் முன்னால், தாய் வழிப் பெயர் பின்னால்: கிளெமெண்டே வாக்கர். பட்டயத்தில் 'வாக்கர் கிளெமெண்டே' என்று மாற்றிப் பொறித்துவிட்டார்கள். 1973இல் நேர்ந்த பிழையை 2000இல்தான் திருத்தினார்கள். விமான நிலையத்தில் அப்பா பெயரால் கூப்பிடப்பட்டுப் பழகிய நமக்கு இது நன்றாகவே புரியும்.

1971இல் வந்தவன்:

மஞ்சள்பாலம் தம்பிக்கு நன்றி. நான் அவரை ஆடுகளத்திலேயே பார்த்தவன். இந்த ஊருக்கு இன்ஜினியராக வேலைக்கு வந்த புதிதில், அலுவலக நண்பர் ஒருவர் த்ரீ ரிவர்ஸ் மைதானத்துக்கு அழைத்துப் போனார். சேப்பாக்கத்தில் டெஸ்ட் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஆட்டத்தில் ஆரம்பத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கிளெமெண்டே மட்டும் கண்ணில் பட்டார்.

மட்டையோடு வந்து நின்றதும் கழுத்தை இப்படியும் அப்படியும் சுழற்றுவார். சுளுக்கு எடுக்கிறார் என்று எல்லோரும் சிரிப்பார்கள். 1954இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் அவருடைய காரில் மோதியதில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, காலமெல்லாம் அந்த வலியோடு ஆடியவர் அவர். வலியைச் சொன்னால் சோம்பேறி என்று எழுதினார்கள். அப்படிப்பட்ட 'சோம்பேறி' 1961 முதல் 1972 வரை ஆண்டு தவறாமல் சிறந்த தடுப்பாட்டத்துக்கான 12 கோல்டு குளோவ் விருது வாங்கினார்.

நான் பார்க்க விரும்பியது அவருடைய எறிதலைத்தான். அவர் தடுப்பாளராக நின்ற ரைட் ஃபீல்டு (வலப்பக்க வெளிக்களம்) மூலையில் பந்து சுவரில் பட்டுத் திரும்பும். அவர் அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். ஓடுகிறவன், வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் இரண்டாம் பேஸைத் தாண்டி, மூன்றாவதற்குப் போகலாமா என்று கணக்குப் போடுவான். அதற்குள் பந்து தரையைத் தொடாமல் மூன்றாம் பேஸ்காரரின் கையுறைக்குள் வந்து விழுந்திருக்கும். சில மாதங்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் பக்கம் பந்து போனால் எதிரணியினர் கணக்குப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். இருந்த பேஸிலேயே நின்றுகொண்டார்கள். புள்ளிவிவரத்தில் அது எந்தக் கட்டத்திலும் ஏறாது.

1972 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இரவு. அவர் கணக்கில் 2,999 ஹிட். பந்து வீசியவர் மெட்ஸ் அணியின் டாம் சீவர். முதல் இன்னிங்ஸிலேயே கிளெமெண்டே அடித்த பந்து எகிறிக்கொண்டு இரண்டாம் பேஸ்காரரிடம் போனது, அவர் தடுமாறினார், இவர் முதல் பேஸை எட்டிவிட்டார். பலகையில் ஹிட் என்று விளக்கு எரிந்தது. அரங்கமே எழுந்து நின்றது, நானும்தான். கொஞ்ச நேரத்தில் விளக்கு மாறி, தடுப்பவர் செய்த பிழை என்று காட்டியது. கைதட்டல் அப்படியே கூச்சலாக மாறிய அந்தச் சத்தத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் பகல் ஆட்டத்தில் ஜான் மாட்லாக்கின் பந்தில் ஐயத்துக்கு இடமில்லாத இரண்டு பேஸ் ஹிட் அடித்து 3,000ஐ எட்டினார். அன்று அரங்கில் இருந்தது 13,117 பேர்தான். நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன்.

அதன் பிறகு அவர் கணக்கில் ஒரு ஹிட்டும் சேரவில்லை. டிசம்பர் 23இல் நிகராகுவாவின் மனாகுவா நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. அனுப்பிய உதவிப் பொருட்களை அந்நாட்டு ஆட்சியாளர்கள் அமுக்கிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தான் நேரில் போனால் கைவைக்க மாட்டார்கள் என்று நம்பி, டிசம்பர் 31 இரவு ஒரு பழைய டிசி-7 விமானத்தில் ஏறினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய விமானம். சான் ஹுவான் கரையைத் தாண்டியதுமே கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. அணியின் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) மேனி சங்கியேன் இரங்கல் கூட்டத்துக்குப் போகாமல், முக்குளிப்பவர்களோடு கடலில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்.

புத்தாண்டுக் காலையில் வானொலியில் செய்தி கேட்டேன். என் அலுவலக நண்பர் தொலைபேசியில் அழைத்தார். இருவருமே அதிகம் பேசவில்லை.

ஓய்வுபெற்று ஐந்தாண்டு கழித்துத்தான் புகழ்மாடத்துக்குப் பரிசீலிப்பார்கள் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள். வாக்களித்த 424 பேரில் 393 பேர் ஆதரித்தார்கள். மற்றவர்களுக்கு விதி பெரிதாக இருந்திருக்கலாம். எனக்கு அவர்கள் மீது இன்னும் வருத்தம் உண்டு.

ஓக்லண்ட் மாணவி:

ஐயா, காய்கறிக் கதையைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நான் படிக்கிற பல்கலைக்கழக வளாகத்தில்தான் பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம் இருந்தது. 1909இல் திறந்தார்கள், 1970இல் மூடினார்கள். போஸ்வார் ஹால் கட்டடத்தின் தரையில், மட்டைக்காரர் நிற்கும் இடத்தைக் குறிக்கும் ஹோம் பிளேட்டைக் கண்ணாடி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். தேர்வுக்கு அவசரமாகப் போகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டு போவார்கள். வெளியே செங்கல் சுவரின் ஒரு பகுதி ஐவி கொடி படர்ந்து இன்னும் நிற்கிறது. 1935 மே 25 அன்று, பாஸ்டன் பிரேவ்ஸ் சட்டையில், உடம்பு கனத்துப்போன பேப் ரூத் தம் வாழ்நாளின் கடைசி மூன்று ஹோம் ரன்களை (நம் சிக்ஸர் மாதிரி, மைதானத்தைத் தாண்டும் அடி) ஒரே ஆட்டத்தில் அடித்ததும் இந்த மைதானத்தில்தான். அவற்றில் கடைசியானது, அவர் வாழ்நாளின் 714ஆவது, ரைட் ஃபீல்டு அரங்கின் கூரையையே தாண்டிப் போனது.

என் அனுபவம் அக்டோபர் 13இல் நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கொஞ்சம் பேர் சுவரடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் வானொலி வர்ணனையை ஒலிபரப்பிக் கேட்கிறார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும்: ஒன்பதாம் இன்னிங்ஸில் பில் மசெரோஸ்கியின் ஹோம் ரன், 10-9, நியூயார்க் யாங்கீஸ் தோல்வி. தொடர் முழுதும் யாங்கீஸ் 55 ரன், பைரேட்ஸ் 27 ரன். ஆனாலும் கோப்பை பைரேட்ஸுக்கு. அன்று நடந்தபடியே பிற்பகல் 3.36க்கு அந்தப் பந்து சுவரைத் தாண்டும்படி நேரம் பார்த்து நாடாவை ஓடவிடுகிறார்கள். எட்டாம் இன்னிங்ஸில் கிளெமெண்டே உருட்டிவிட்ட பந்துக்கு எதிரணிப் பந்து வீச்சாளர் முதல் பேஸுக்கு ஓடிவர மறந்த இடம் வந்தபோது, என் பக்கத்து நாற்காலிப் பெரியவர் "ஓடு, ஓடு" என்று வாய்விட்டுச் சொன்னார். அறுபத்து சொச்சம் ஆண்டுக்கு முன் ஓடி முடித்தவரிடம்!

வர்ணனையாளர் சக் தாம்சன் அந்த உச்சக் கட்டத்தில் பந்து வீசுபவர் ஆர்ட் டிட்மார் என்று சொல்லிவிடுகிறார். உண்மையில் வீசியவர் ரால்ஃப் டெர்ரி. அந்த இடம் வந்ததும் கூட்டமே "டெர்ரி!" என்று நாடாவைத் திருத்துகிறது. பாவம் டிட்மார், பிற்காலத்தில் ஒரு பீர் விளம்பரத்தில் அந்த ஒலியைப் பயன்படுத்தியதற்காக வழக்குப் போட்டார். தோற்றும் போனார்.

லாரன்ஸ்வில் வாசி:

இங்கே இதுவரை ஜாஷ் கிப்சன் பெயர் வரவில்லையே.

எங்கள் பகுதியில் பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றைக் கிளெமெண்டே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கூட்டம் வருகிறது, நல்லது. அதே லாரன்ஸ்வில்லில் அலெகெனி கல்லறைத் தோட்டம் இருக்கிறது. செல்வந்தர்களின் மண்டபங்களைத் தாண்டி உள்ளே போனால், தரையோடு தரையாகப் பதித்த சிறிய கல் ஒன்று. பெயர், 1911-1947, அதன்கீழ் 'புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர்' என்ற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான். அந்தக் கல்லும் 1975இல் வைத்ததுதான். அதற்கு முன் 28 ஆண்டுகள் வெறும் புல்.

ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்ற இரு கறுப்பின அணிகளுக்கு ஆடிய கேட்சர் அவர். கிராஃபோர்ட்ஸில் அவரோடு ஆடியவர்களில் சாட்செல் பெய்ஜ், கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜூடி ஜான்சன் ஆகியோரும் பின்னால் புகழ்மாடம் ஏறினார்கள். நிறத்தைக் காரணம் காட்டி, அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக் இவர்களை உள்ளே விடவில்லை. கிப்சன் 35 வயதில், 1947 ஜனவரியில் இறந்தார். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களம் இறங்கி அந்தத் தடையை உடைத்தார்.

2024 மே மாத இறுதியில், கறுப்பின அணிகள் ஆடிய நீக்ரோ லீக் ஆட்டங்களின் கணக்கை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. ஒரே நாளில் கிப்சன் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம்: .372. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் .367 இரண்டாமிடத்துக்கு இறங்கியது. செய்தி வந்த வாரத்தில் போய்ப் பார்த்தேன். கல்லைச் சுற்றிப் பேஸ்பால் பந்துகள், புதியவையும் மழையில் தையல் விட்டவையும். கறுப்பினத் தந்தை ஒருவர் தன் பையனுக்கு அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் கைபேசியில் சரிபார்த்துவிட்டு, "ஆமாம், இதிலும் இருக்கிறது" என்றான். தந்தைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் பிஎன்சி பார்க்கில் கிப்சன் உட்பட நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்குச் சிலைகள் வைத்தார்கள். 2015இல் எடுத்துவிட்டார்கள். இந்த ஊர் கொடுக்கவும் செய்யும், எடுக்கவும் செய்யும்.

கூட்டல்கணக்கு:

கிப்சன் மீது மரியாதை உண்டு. ஆனால் அந்த லீக்குகளில் ஒரு பருவத்துக்கு அறுபது, எண்பது ஆட்டம்தான். காப் 24 பருவம் ஆடியவர். பிராட்மனின் 99.94ஐ நாளை ஒரு குழு கூடி இரண்டாமிடத்துக்கு இறக்கினால் நாம் சும்மா இருப்போமா?

லாரன்ஸ்வில் வாசி:

நியாயமான கேள்விதான், நண்பரே. 2020இல் பெருந்தொற்றால் மேஜர் லீக்கே 60 ஆட்டம்தான் ஆடியது. அந்தப் பருவத்தின் சாதனைகளை யாரும் தள்ளிவைக்கவில்லை. மேலும், ஊர் ஊராகப் போய் ஆடிய காட்சி ஆட்டங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கூப்பர்ஸ்டவுன் பட்டயம் கிப்சனுக்கு ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்கிறது. அதில் பெரும்பகுதி இன்றைய ஏட்டில் கிடையாது. காப் தம் லீக்கில் சாட்செல் பெய்ஜ் போன்ற ஒருவரின் பந்தை ஒரு நாளும் எதிர்கொள்ளவில்லை என்பதையும் கணக்கில் சேருங்கள். அந்த நிறச் சுவர் இரண்டு பக்கத்துக் கணக்கையும்தான் குறைத்தது.

கூட்டல்கணக்கு:

கடைசி வாதத்தை ஏற்கிறேன். முதல் வாதத்தை ஏற்கவில்லை. 2020ஐயும் நான் ஒப்புக்கொள்கிறவன் அல்லன்.

மஞ்சள்பாலம்:

ஒரு தகவல்: கிப்சன் குளிர்காலங்களில் போர்ட்டோ ரிக்கோவின் சாந்தூர்சே அணிக்கும் ஆடியிருக்கிறார். அதே சாந்தூர்சே அணியில்தான் பத்தாண்டு கழித்துக் கிளெமெண்டே தொடங்கினார். ஒரு பருவம் மேஜர் லீக் நட்சத்திரம் வில்லி மேஸும் அவரோடு அங்கே ஆடினார். கிப்சனை அமெரிக்க மேஜர் லீக் ஏற்காத காலத்தில் அந்தத் தீவு ஏற்றுக்கொண்டிருந்தது. சிலையடியில் பார்த்த தாத்தாவிடம் இதைக் கேட்டிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

ஓக்லண்ட் மாணவி:

அக்டோபர் 13க்குச் சுவரடிக்கு யார் யார் வருகிறீர்கள்? மதியம் ஒரு மணி வாக்கில் நாடாவைத் தொடங்குவார்கள். நாற்காலி அவரவர் கொண்டுவர வேண்டும்.

1971இல் வந்தவன்:

நான் வருகிறேன் அம்மா. மடக்கு நாற்காலி இரண்டு இருக்கிறது. எண்பதை நெருங்குகிறேன், இப்போது வண்டி ஓட்டுவதில்லை. யாராவது பென் ஹில்ஸ் பக்கம் வந்து கூட்டிப்போனால் போதும்.

கூட்டல்கணக்கு:

ஐயா, பன்னிரண்டு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். ஒரு நாற்காலி எனக்கு. வழியில் காய்கறிக் கடையில் நிறுத்த மாட்டேன்.