டைகோகுவில் ஓர் இரவு, எபிசுவில் ஒரு பகல்

டைகோகு வாகன நிறுத்தத்துக்கு ரயிலிலோ நடந்தோ போய்ச் சேர முடியாது. யோகொஹாமா துறைமுகத்தில் கடலைத் தூர்த்து அமைத்த தீவில், விரைவுச் சாலைகளின் சுற்றுப்பாதைகளுக்கு நடுவே இருக்கும் ஓய்விடம் அது. லாரி ஓட்டுநர்கள் கண்ணயரவும் பயணிகள் பசியாறவும் கட்டிய அந்த இடத்தை, இருட்டியதும் கார்ப் பிரியர்கள் தங்கள் வீட்டு முற்றம்போல ஆக்கிக்கொள்கிறார்கள்.

கவாசாகியில் என்னுடன் பணிபுரியும் ஜப்பானிய நண்பர் ஒரு வெள்ளிக்கிழமை தம் காரில் என்னை அழைத்துச் சென்றார். சுருமி சுபாசா பாலத்தைக் கடந்து, வளைவுப் பாதையில் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும்போதே அங்கே கூடியிருந்த வண்டிகள் எல்லாம் தெரிந்தன. தரையோடு தரையாகத் தாழ்த்திய பெரிய செடான்கள், உடல் முழுக்க அனிமே ஓவியம் ஒட்டிய இத்தாஷா கார்கள், அவற்றுக்கு இடையே நிசான் நிறுவனத்தின் நீல நிற ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்34. சிறுவயதில் சுவரொட்டியில் பார்த்த வண்டியின் அருகில் நின்றபோது எனக்குப் பேச்சே எழவில்லை.

அதன் உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். நண்பர் தயங்கிக் கேட்டதும் பானெட்டைத் திறந்து, 2.6 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினைக் காட்டி, ஒவ்வொரு பாகத்தையும் எந்த ஆண்டு மாற்றினார் என்று பொறுமையாக விளக்கினார். அக்காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2004 வரை எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிக்கவில்லை. ஆனால் இந்த எஞ்சினின் உள்ளே அதற்கு மேலும் வலு ஒளிந்திருந்ததை அவர் பெருமையோடு சொன்னார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஷாக்கென் என்ற வாகனத் தகுதிச் சோதனையில் தேற, வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 9 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பதால், அந்த அளவைத் தாண்டித் தாழ்த்த அவர் மனம் ஒப்பவில்லையாம்.

அப்போது ஒரு சுற்றுலாப் பயணி எஞ்சினை முறுக்கிக் காட்டும்படி கேட்டார். உரிமையாளர் தலைவணங்கி மறுத்தார். "இங்கே சத்தம் போட்டால் நாளைக்கு இந்த இடமே இருக்காது" என்றார். சிறிது நேரத்தில் காவல்துறையினர் வந்து, நிறுத்தத்தை மூடப்போவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, வண்டிகள் வரிசையாக வெளியேறின. கூட்டம் பார்க்கப் போகும் நம்மவர்கள், வண்டியைத் தொடாமல், கேட்காமல் படம் எடுக்காமல், குப்பையைக் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

*

டைகோகுவில் ட்ரிஃப்ட், அதாவது காரை வளைவில் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டு ஓட்டும் வித்தை, பார்க்கலாம் என்று நம்பிப் போனவர்களில் நானும் ஒருத்தி. அதைப் பார்க்க வேண்டுமானால் ஃபுகுஷிமா மாகாணத்தின் நிஹொன்மத்சுவில், மலைமேல் இருக்கும் எபிசு போன்ற பந்தயத் திடலுக்குத்தான் போக வேண்டும். எபிசுவின் பக்கத்திலேயே விலங்குப் பூங்காவும் இருக்கிறது.

பந்தய வீரர் குனிமித்சு தகஹாஷி 1970-களில் வளைவுகளில் காரைச் சறுக்கவிட்டு ஓட்டியதைப் பார்த்து வியந்த கெயிச்சி சுச்சியா, மலைப்பாதைகளில் அதைப் பழகிக் கலையாக வளர்த்தார். 2001-இல் தொடங்கிய டி1 என்ற ட்ரிஃப்ட் போட்டித் தொடர் அதற்கு நடுவர்களையும் மதிப்பெண்ணையும் தந்தது. இவ்வளவும் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் தலைக்கவசத்தோடு உட்கார்ந்தபோது அது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வளைவு வருவதற்கு வெகு முன்பே அவர் கிளட்ச்சை ஒரு உதை உதைத்தார். பின்சக்கரங்கள் பிடி விட்டன; கார் பக்கவாட்டில் திரும்பியது; ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் சுழன்றது. போகும் திசையை நான் முன்கண்ணாடி வழியாக அல்ல, என் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட வியப்பானது, பின்னால் வந்த இன்னொரு கார் அதே கோணத்தில், கைநீட்டினால் தொடும் தூரத்தில் எங்களை ஒட்டியே சறுக்கி வந்ததுதான். இதை சுய்சோ என்கிறார்கள். முன்னால் போகிறவர் திடீரென்று வேகத்தைக் குறைக்க மாட்டார் என்று பின்னால் வருகிறவர் முழுதாக நம்பினால்தான் இது நடக்கும்.

2021 பிப்ரவரி 13 நிலநடுக்கத்தில் மலைச்சரிவு ஏற்பட்டு, அங்கிருந்த ட்ரிஃப்ட் தடம் ஒன்று மண்ணில் புதைந்தது. அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடியும் போகத்தான் இப்போது பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.