எஸ்எஸ்எச் வழியே வரும் லோகேல்: அடைப்பதா, ஏற்பதா?

பத்துமலை: கேள்வி இதுதான்: பினாங்கு உபுண்டு சர்வருக்குள் கோலாலம்பூர் மேக்கிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) போட்டால் லோகேல் (மொழி, எழுத்து, தேதி வடிவ அமைப்பு) எச்சரிக்கை வருகிறது. 'பினாங்கு' என்ற கோப்புப் பெயர் \340\256\252 என்று எண்களாகத் தெரிகிறது. என் பதில்: மேக் அனுப்பும் லோகேலைச் சர்வரில் அடைத்துவிடுங்கள். மேக் டெர்மினல் எழுத்து வகைக்கான மாறியை எல்சி_சிடைப்=யுடிஎஃப்-8 என்று மொட்டையாக அனுப்புகிறது; லினக்ஸில் அப்படியொரு லோகேலே கிடையாது. ஒரு பெயர் செல்லாவிட்டாலும் லோகேலை அமைக்கும் செட்லோகேல் மொத்தமாகத் தோற்று, நிரல் அடிப்படை லோகேலான 'சி'-யிலேயே நின்றுவிடும். பொது மொழி மாறியான லாங் சரியாக இருந்தும் பயனில்லை. 'சி'-யில் 'பினாங்கு' 8 குறிகள் அல்ல, 24 பைட்டுகள்.

சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கில், வரும் மாறிகளை ஏற்கும் 'அக்செப்ட்என்வ் லாங் எல்சி_*' வரிக்கு முன் # போட்டு, 'எஸ்எஸ்எச்டி -டி' (ஆங்கில t, d அல்ல) என்று சோதித்து, ரீலோட் செய்யுங்கள். பிறகு 'அப்டேட்-லோகேல் லாங்=சி.யுடிஎஃப்-8'.

ஜெலுத்தோங்: அடைத்தால் மலாயில் தேதி பார்ப்பவர் என்ன செய்வார் அண்ணே? சர்வரில் லோகேல்களை உருவாக்கும் லோகேல்-ஜென்னில் எம்எஸ்_எம்ஒய்.யுடிஎஃப்-8 (மலாய்), டிஏ_ஐஎன் (தமிழ்) இரண்டையும் உருவாக்கிவிடலாமே. (டிஏ_எம்ஒய் லினக்ஸின் சி நூலகமான கிலிப்சியில் இல்லை, தேட வேண்டாம்.) மேக்கில் டெர்மினல் அமைப்பிலேயே லோகேல் மாறிகளுக்கான டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

பத்துமலை: எல்லார் மேக்கிலும் போய் டிக்கை எடுக்க முடியுமா? லோகேல் பட்டியலில் வெறும் 'எம்எஸ்_எம்ஒய்' என்றும் ஒன்று உண்டு. அது ஐஎஸ்ஓ-8859-1, தமிழ் வராது. இதைவிடக் கவலை, லோகேலுக்கு லோகேல் மாறும் எழுத்து வரிசை. ஒருவர் மலாய் லோகேலில் சார்ட் (வரிசைப்படுத்தல்) செய்த கோப்பை இன்னொருவர் 'சி'-யில் ஜாயின் (இணைத்தல்) செய்தால், வரிசையில் இல்லை என்று மறுக்கும். யார் நுழைந்தார் என்பதைப் பொறுத்து ஸ்கிரிப்ட்டின் விடை மாறக்கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்: தம் கணினியின் சொந்த எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில், எல்சி மாறிகளை அனுப்பாதே என்று 'சென்ட்என்வ் -எல்சி_*' போட்டுத் தப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பலிக்காது. அந்தக் கோப்பு முதலில் படிக்கப்படுகிறது. பிறகு வரும், அந்தக் கணினி முழுவதற்குமான பொதுக் கோப்பு அதே பெயர்களைத் திரும்பச் சேர்த்துவிடும்.

ஜெலுத்தோங்: வரிசைச் சிக்கலை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 'அக்செப்ட்என்வ் எல்சி_டைம் எல்சி_மெசேஜஸ்' (தேதி வடிவமும் செய்தி மொழியும்) மட்டும் வைப்போம். லாங், எல்சி_ஆல், எல்சி_கொலேட் (எழுத்து வரிசை), எல்சி_சிடைப் எதுவும் உள்ளே வராது.

பத்துமலை: அதற்குச் சம்மதம் தம்பி, ஆனால் கோலாலம்பூர் நேர மண்டலத்தோடு நிறுவிய உபுண்டு மேசைக்கணினி எல்சி_டைம்=எம்எஸ்_எம்ஒய்.யுடிஎஃப்-8 அனுப்பும். சர்வரில் அது உருவாக்கப்படாவிட்டால் பழைய கதைதான், மொத்தமும் 'சி'. எனவே லோகேல்-ஜென் முதலில், திறப்பது பிறகு. புதிய வரியைத் தனிக் கோப்பில் எழுதினால் மட்டும் போதாது: அக்செப்ட்என்வ் வரிகள் கூடிக்கொண்டே போகும், ஒன்றையொன்று அழிக்காது. மூலக் கோப்பிலுள்ள பழைய வரியை # போட்டு அடைத்தே ஆகவேண்டும்.